மனத்தைப் படிக்கும் படிப்பு

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

"பத்தாவது முடித்து என்ன குரூப் எடுக்கப் போகிறாய்?"

இந்த ஓராண்டில் இக்கேள்வியைக் கேட்காத உறவினர் எவரும் இல்லை. டாக்டர் என்று சொன்னால் மகிழ்கிறார்கள். என்ஜினீயர் என்றால் தலையசைக்கிறார்கள். ஆசிரியை என்றால், "பெண்பிள்ளைக்கு ஏற்றது" என்கிறார்கள். சென்ற பொங்கலன்று நான், "கல்லூரியில் உளவியல் படிக்கப் போகிறேன்" என்றேன். கூடத்தில் ஒரு கணம் அமைதி. பிறகு பெரியப்பா கேட்டார்: "பைத்தியங்களுக்கு வைத்தியம் பார்க்கவா? அதைப் படிச்சு என்னம்மா செய்யப் போறே?"

அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்று இம்மலரின் வழியாகச் சொல்கிறேன். பெரியப்பா இதைக் கட்டாயம் படிப்பார். பள்ளி மலரை அட்டை முதல் அட்டை வரை படிப்பவர் எங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான்.

முதலில் எங்கள் ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாத்தா இறந்த பிறகு ஆயா பேச்சைக் குறைத்தார். பிறகு சாப்பாட்டைக் குறைத்தார். பிறகு சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். வீட்டில் எல்லோருக்கும் ஆயா மீது உயிர். அம்மா ஊட்டிவிட்டார். அத்தை வந்து, "அழாதேம்மா, தைரியமா இரு" என்றார். நானும் அதையே சொன்னேன். பக்கத்து வீட்டார் காற்று கருப்பு என்றார்கள், தாயத்து கட்டினோம். ஆறு மாதங்கள் ஓடின. ஆயா பாதியாக இளைத்துப் போனார்.

கடைசியில் ஒரு நர்ஸ் அக்காவின் சொல்லைக் கேட்டு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மனநல மருத்துவர் பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். பிறகு உளவியல் படித்த ஓர் அம்மையார் ஆயாவின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "அவர் உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார்?"

ஆயா அந்தப் பெயரைச் சொன்னார். நாங்கள் யாரும் அதுவரை கேட்டறியாத பெயர். சொல்லிவிட்டு அழுதார். அந்த ஆறு மாதங்களில் ஆயா அழுதது அன்றுதான். அந்த அம்மையார், "அழாதீர்கள்" என்று சொல்லவே இல்லை. வாரம் ஒருமுறை என்று பலமுறை போனோம். அடுத்த மார்கழியில் ஆயா வாசலில் கோலம் போட்டார்.

தோழியரே, அன்று நான் ஒன்றை உணர்ந்தேன். எங்களிடம் அன்பு இருந்தது; அறிவு இல்லை. அன்பின் மிகுதியால் ஆயாவின் அழுகையை நாங்களே அடைத்து வைத்திருந்தோம். எப்போது கேட்பது, எப்போது சும்மா இருப்பது என்பதும் ஒரு படிப்பு. அதைத்தான் நான் படிக்க விரும்புகிறேன்.

மனத்தைக் கவனிப்பது நமக்குப் புதிதன்று. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அழுகை, அச்சம், வெகுளி, உவகை முதலிய எட்டு மெய்ப்பாடுகளை வகுத்திருப்பதைத் தமிழ் வகுப்பில் கேட்டிருக்கிறோம். அதைச் சோதனைக் கூடத்தில் ஆராயும் அறிவியலாக வளர்த்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த வில்ஹெல்ம் வுண்ட். 1879-இல் லைப்சிக் நகரில் அவர் ஆய்வுக்கூடம் அமைத்தார். நம் நாட்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1916-இல் உளவியல் துறையையும், 1938-இல் பயன்பாட்டு உளவியலுக்கெனத் தனித் துறையையும் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-இல் உளவியல் துறை வந்தது.

‘பயன்பாட்டு’ என்ற சொல்லுக்குப் பொருள் இதுதான்: ஆய்வுக்கூடத்தில் கண்டதை வீட்டுக்கும் பள்ளிக்கும் தொழிற்சாலைக்கும் மருத்துவமனைக்கும் கொண்டு வருவது. விளையாட்டுக்கும் அது பயன்படுகிறது. நம் சென்னைச் சிறுவர் குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகச் சதுரங்கப் பட்டம் வென்றபோது, அவருடைய மனத்தைத் திடப்படுத்தப் பாடி அப்டன் என்ற தனிப் பயிற்சியாளர் துணை நின்றார்.

ஆனால் வெற்றி பெறுவோருக்கு மட்டுமா இப்படிப்பு? நம் மாவட்டத்தையே பாருங்கள். 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி பரவியது. அப்போது சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்கு உறவினருடன் வந்த ஒரு மூதாட்டி, போளூர் அருகே அத்திமூரில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கூட்டம் கூடியது. அந்த மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். அங்கே கூடியவர்கள் எல்லோரும் பிறவிக் கொடியவர்களா? குழந்தைகள் மீதிருந்த பாசம் அச்சமாயிற்று, அச்சம் வெறியாயிற்று. தனியாக இருக்கும்போது கை ஓங்காதவரும் கூட்டத்தில் ஓங்குவது ஏன், வதந்தியை மனம் ஏன் உடனே நம்புகிறது என்பவற்றைச் சமூக உளவியல் ஆராய்கிறது. அதைக் கற்றவர் ஒருவர் அன்று பள்ளிகளிலும் ஊர்க்கூட்டங்களிலும் பேசியிருந்தால், ஓர் உயிர் பிழைத்திருக்குமோ என்று நினைக்கிறேன்.

புண்ணியத் தலங்களுக்கும் இந்தப் படிப்பு தேவை. மனநோயுற்றவர்களை அங்கே அழைத்து வந்து விட்டுச் செல்வது நம் நாட்டு வழக்கம். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். இன்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. நமக்கு அருகில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்தில், நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கியிருந்து சிகிச்சையில் பங்கு கொள்கிறார்கள். ஏர்வாடியில் அன்று இருந்தது சங்கிலி. பாகாயத்தில் இருப்பது உறவின் கை. எது வேண்டும் என்று நாமே சொல்லலாம்.

நம் திருவண்ணாமலையும் புண்ணியத் தலம்தான். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறார்கள். அந்தப் பாதையோரத்தில் தமக்குத் தாமே பேசிக்கொண்டு நடப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். சிலரைச் சித்தர் என்று காலில் விழுகிறோம். சிலரைப் பைத்தியம் என்று விரட்டுகிறோம். இருவரிடத்தும் நாம் கேட்காத கேள்விகள் ஒன்றே: "உங்கள் பெயர் என்ன? எந்த ஊர்? சாப்பிட்டீர்களா?"

இனி, பெரியோர் சொல்லும் தடைகளுக்கு வருகிறேன்.

"வேலை கிடைக்குமா?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. மூன்றாண்டுப் பட்டம் முடித்தவுடன் யாரும் சிகிச்சை அளிக்க உட்கார்ந்துவிட முடியாது, உட்காரவும் கூடாது. முதுநிலைப் படிப்பு வேண்டும். மருத்துவ உளவியலாளர் ஆக வேண்டுமானால், இந்திய மறுவாழ்வு மன்றம் ஏற்ற பயிற்சியும் அதன் பதிவும் வேண்டும். மாத்திரை எழுதும் மனநல மருத்துவர் ஆக வேண்டுமானால் எம்.பி.பி.எஸ். படித்தே தீர வேண்டும். நீண்ட வழிதான். ஆனால் வழி இருக்கிறது. சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியிலும், கோயம்புத்தூர் அரசு கலைக் கல்லூரியிலும் உளவியல் துறைகள் உள்ளன. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சில கல்லூரிகளில் பயன்பாட்டு உளவியல் என்ற பெயரிலேயே இளநிலைப் பட்டம் இருக்கிறது. புள்ளியியலும் மூளையின் அமைப்பும் பாடத்தில் வருவதால், கணக்குக்குப் பயந்து இதற்கு ஓடி வருபவர்கள் ஏமாந்து போவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்!

"பெண்ணுக்கு இது பாதுகாப்பா?" என்கிறார்கள். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் டாக்டர் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கே தலைவராக இருந்தார். ஓய்வு பெற்ற பின்னும் ஓயாமல், 1984-இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக ‘ஸ்கார்ஃப்’ அமைப்பை நிறுவினார். இதைவிட வேறு சான்று வேண்டுமா?

"ஜெபம் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். காய்ச்சல் வந்தால் ஜெபிக்கிறோம், மாத்திரையும் விழுங்குகிறோம். ஜெபம் பொய்த்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. மனத்துக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? நோயுற்றவரைச் சந்திப்பது இரக்கச் செயல் என்று மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் நமக்குச் சொல்லவில்லையா? மனம் நோயுற்றவரும் நோயாளிதானே!

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் மகள் முகம் வாடியிருந்தால், "என்ன குறைச்சல் உனக்கு?" என்று அதட்டாமல், ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். தோழியரே, தாங்க முடியாத துயரம் வந்தால் மறைக்காதீர்கள். 104, 14416 என்ற அரசு எண்களில் பேசுவதற்கு ஆள் இருக்கிறார்கள்.

பெரியப்பா! "அதைப் படிச்சு என்ன செய்வே?" என்று கேட்டீர்களே. படித்துவிட்டு நம் ஊருக்கே திரும்பி வருவேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் யாரோ ஓர் ஆயாவின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவேன். எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரிந்திருக்கும்.