ஏரிக்கு அடியில் ஓர் ஊர்

வெள்ளம் வந்து ஓர் ஊரை விழுங்கினால், விதி என்பார்கள். மன்றத்திலே கூடிக் கையைத் தூக்கி, ஓர் ஊரை நீரில் ஆழ்த்தினால் அதற்கு என்ன பெயர்? சட்டம் என்று பெயர்! அந்தச் சட்டத்தால் அழிந்த ஊரின் பெயர் கேப்பல் கெலின்.

வேல்ஸ் நாட்டின் வடபகுதியிலே, பாலா நகருக்கு அருகே, டிரவெரின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்தது அந்தச் சிற்றூர். மாளிகைகள் இல்லை அங்கே, பண்ணைகள் இருந்தன. பள்ளி இருந்தது, அஞ்சலகம் இருந்தது, வழிபாட்டுக் கூடம் இருந்தது, முன்னோர் துயிலும் இடுகாடு இருந்தது. முற்காலத்தில் குவேக்கர் சமயத்தார் கூடி வழிபட்ட பண்ணை வீடும் அந்தப் பள்ளத்தாக்கிலேதான் இருந்தது. எல்லாவற்றிற்கும் மேலாக வெல்ஷ் மொழி இருந்தது. வீட்டிலும் வயலிலும் வழிபாட்டிலும் ஆட்சி செலுத்திய தாய்மொழி!

இங்கிலாந்தின் லிவர்பூல் மாநகராட்சிக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. தாகம் குற்றமன்று, தண்ணீர் கேட்பதும் தவறன்று. ஆனால், யாரைக் கேட்டார்கள்? வேல்ஸ் நாட்டு உள்ளாட்சி மன்றங்களிடம் திட்ட அனுமதி கோரினார்களா? இல்லை! அந்த அனுமதியே தேவைப்படாத குறுக்குவழி ஒன்றைக் கண்டார்கள். லண்டன் பாராளுமன்றத்திலே தனி மசோதா கொண்டுவந்தார்கள்.

1956 நவம்பரில் ஊர் மக்கள், ஆடவரும் பெண்டிரும் குழந்தைகளும், லிவர்பூல் வீதிகளிலே ஊர்வலம் சென்று முறையிட்டனர். மாநகராட்சியின் மனம் இளகவில்லை. 1957இல் மசோதா நிறைவேறிற்று. வேல்ஸ் அனுப்பிய உறுப்பினர் 36 பேர். அவர்களில் ஒருவர்கூட அதற்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை. ஆயினும் என்ன? 630 பேர் கொண்ட அவையிலே 36 குரல் எம்மட்டு?

பள்ளத்தாக்கிலே வாழ்ந்த 67 பேரில் 48 பேர் வீடிழந்தனர். இடுகாட்டிலே சில உடல்களைத் தோண்டியெடுத்து வேறிடம் கொண்டு சென்றனர். எஞ்சியோர் மீது கான்கிரீட்டைப் போர்த்தி, அதன்மேல் நீரை நிரப்பினர். 1965 அக்டோபர் 21இல் திறப்பு விழா. எதிர்ப்பாளர் முழக்கத்திலே அந்த விழா சில நிமிடங்களில் முடிந்தது.

ஊர் மூழ்கியது; உணர்ச்சி மூழ்கவில்லை. 1966இல் கார்மார்தன் இடைத்தேர்தலிலே குவின்ஃபோர் எவான்ஸ் வென்றார். பிளைடு கம்ரி கட்சியின் முதல் பாராளுமன்ற உறுப்பினர் அவர். பாதை நேராக இருக்கவில்லை. தனி மன்றம் வேண்டுமா என்று 1979இல் கேட்டபோது, வேல்ஸ் மக்களே பெருவாரியாக மறுத்தனர். 1997இல் மீண்டும் கேட்டபோது, வாக்களித்தோரில் 50.3 விழுக்காட்டினர் வேண்டும் என்றனர். 1999இல் கார்டிஃப் நகரிலே மன்றம் கூடிற்று. 2005இல் லிவர்பூல் மாநகராட்சி மன்னிப்புக் கேட்டது. நாற்பது ஆண்டு கழித்து வந்த மன்னிப்பு! ஏரிக்கு அடியில் போன பள்ளியிலே அது மீண்டும் மணி அடிக்குமா?

தோழனே! ஊராட்சி என்றால் தெருவிளக்கும் சாக்கடையும்தானே என்று எள்ளுவோர் உண்டு. தன்னாட்சி என்றால் பதவி ஆசை என்று பழிப்போரும் உண்டு. அவர்களிடம் கேப்பல் கெலின் கதையைச் சொல். உன் ஊரின் தலைவிதியை, உன்னால் தடுக்க முடியாத ஓர் அவை தீர்மானிக்குமானால், உன் கையில் வாக்குச்சீட்டு இருக்கும். காலடியில் ஊர் இருக்காது!

கோடை கடுமையாகி ஏரி வற்றும் நாட்களிலே, இடிந்த கற்சுவர்கள் தலைகாட்டுகின்றன. சாட்சி சொல்ல எழுந்து நிற்கின்றன அவை. கேட்பதற்கு நாம் இருக்கிறோம்.