காதுள்ள செடி

விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டிற்கு வருவோர், முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் குடைவித்த குகைக் கோயிலைக் கண்டு திரும்புகின்றனர். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய எதுவுமின்றி ஆக்கப்பட்டது என்று அதன் கல்வெட்டு கூறுகிறது. பாறையைப் பார்த்தவர்கள், இப்பகுதியின் காய்ந்த புல்தரையையும் அதில் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் புதரையும் நின்று பார்ப்பதில்லை. அப்புதரே ஆவாரை. அதனை இம்மாதம் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

ஆவாரை ஓர் ஆள் உயரம், சில இடங்களில் அதற்கும் மேலாக வளரும் குறுஞ்செடி. ஒரு காம்பில் எட்டு முதல் பன்னிரண்டு இணைச் சிற்றிலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். காம்பு தண்டோடு சேரும் இடத்தில், காது மடலைப் போன்ற அகன்ற செதில் இலை ஒன்று இருக்கும். இதுவே இச்செடியின் அடையாளம். 1753-இல் லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் இதற்கு இட்ட பெயரில், காதுடையது என்று பொருள்படும் 'ஆரிகுலாட்டா' என்ற சொல் உண்டு.

பூவிற்கு ஐந்து இதழ்கள்; பத்து மகரந்தக் கேசரங்கள். மேலுள்ள மூன்று கேசரங்கள் சிறுத்து, பயனற்றவையாய் இருக்கும். இப்பூவில் தேன் இல்லை. மகரந்தமோ நுனித் துளை வழியாகவே வெளிவரும். கருவண்டு என நாம் அழைக்கும் பெரிய தச்சுத் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு ரீங்கரிக்க, அந்த அதிர்வில் தூள் உதிர்கிறது. காய் தட்டையானது, காகிதம் போல் மெலிந்தது.

இப்பேரினத்தின் பெயராகிய 'சென்னா' என்பது 'சனா' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததாகும். நம் வீடுகளில் மலச்சிக்கலுக்கு வாங்கும் சனா மக்கி, அதாவது நிலாவாரை, ஆவாரைக்கு நெருங்கிய உறவு. சங்க நூலாகிய குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் 'ஆவிரை' இடம்பெறுகிறது. பொங்கலுக்கு முந்தைய நாள் அண்டை வீட்டார் காப்புக் கட்டும் கொத்திலும் அதனைக் காண்கிறோம்.

நம் சமுதாயத்திற்கு இச்செடியிடம் பழைய கடன் ஒன்று உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் முஸ்லிம் வணிகர்கள் வளர்த்த தோல் தொழிலுக்கு ஆவாரம் பட்டையே நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது. பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருளே பச்சைத் தோலைப் பதமாக்கியது. கடுக்காயும் உடன் சேர்ந்தது. பின்னர் அயல்நாட்டு வாட்டில் பட்டையும் குரோம் உப்பும் வந்தன. ஆவாரம் பட்டையின் தேவை சுருங்கியது. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட செடி, இன்று பெயரற்ற புதராகி நிற்கிறது.

பெயரற்றது எளிதில் அழிக்கப்படும். மைய அரசு 2000-இல் முதன்முதலாக வெளியிட்ட தரிசு நில வரைபடத் தொகுப்பில், புதர் நிறைந்த நிலமும் தரிசு வகைகளுள் ஒன்றாக வைக்கப்பட்டது. தரிசு என்று எழுதிவிட்டால், அங்கே மண்ணை வெட்டலாம், மனை பிரிக்கலாம், குப்பை கொட்டலாம் என்றாகிவிடுகிறது. மரம் நடுவது நற்செயல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் புல்தரை முழுவதையும் மரங்களால் மூடிவிட்டால், வெயிலை நாடும் ஆவாரைக்கும், ஆடு மாடு மேய்ப்போருக்கும் இடமில்லாது போகும்.

காப்பதற்கு முதற்படி, உற்றுப் பார்த்தல். சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த ஸ்காட்லாந்து மருத்துவர் ராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை இந்தியத் தாவரங்களின் ஓவியங்களை ஆறு தொகுதிகளாக வெளியிட்டார். அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர்கள். கோவிந்துவின் பெயரையே ஓர் ஆர்க்கிட் வகைக்குச் சூட்டி வைட் சிறப்பித்தார். அவர்களுக்கு இருந்த கருவிகள் தூரிகையும் பொறுமையுமே.

நம் பிள்ளைகளும் இதனைச் செய்யலாம். உருவங்கள் வரைவது பற்றி வீடுகளில் தயக்கம் இருக்கலாம். செடி கொடிகளை வரைய மார்க்க அறிஞர்களுள் பெரும்பாலோர் தடை கூறுவதில்லை. விடுமுறை நாளில் ஒரு கிளையின் முன் பிள்ளையை அமரச் செய்யுங்கள். முதலில் சிற்றிலைகளை எண்ணட்டும். அடுத்து அந்தக் காதைத் தேடட்டும். பிறகு பூவின் கேசரங்களை எண்ணி, சிறுத்தவை எவை எனக் குறித்து வரையட்டும். அடியில் ஊர், நாள், தரையின் தன்மை ஆகியவற்றை எழுதட்டும். ஒருமுறை வரைந்த செடியை அப்பிள்ளை பிறகு களை என்று சொல்லாது.

தாய்மார்களுக்கு ஒரு சொல். ஆவாரம்பூக் குடிநீர் சர்க்கரை நோய்க்கு நல்லது எனப் பலரும் கூறுவர். சித்த மருத்துவத்திலும் அதற்கு இடமுண்டு. எனினும் அதனை நம்பி மாத்திரையை நிறுத்த வேண்டாம். மருத்துவரைக் கேட்டே அருந்துங்கள். பூப் பறிப்போர் கிளையை ஒடிக்காமல் பறியுங்கள். சில பூக்களையேனும் வண்டுக்கும் விதைக்கும் விட்டுவையுங்கள்.

அடுத்த இதழில் நிலாவாரையைப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.