மஞ்சள் பாதி, பச்சை பாதி

நம் சங்கத்துப் பொங்கல் விழாப் படங்களைப் பார்த்தீர்களா? பாதிப்பேர் மஞ்சள் பூசிக் குளித்தவர்கள்போலவும், மீதிப்பேர் பாசி படிந்தவர்கள்போலவும் நிற்கிறோம்! சுருளைக் கழுவியவர்மேல் பழி போடுகிறார்கள் சிலர். படமெடுத்தவன் நான், குற்றமும் என்னுடையதே.

வடநாட்டில் தை மாதம் ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது. விழா முழுவதும் விளக்கொளியில்தான். சாதாரண வண்ணச் சுருளோ ஏறத்தாழ 5500 கெல்வின் பகல் ஒளிக்கென்று செய்யப்பட்டது. குண்டு பல்பின் ஒளி சுமார் 2800 கெல்வின். அதில் சிவப்பு மிகுதி, நீலம் சொற்பம். நம் கண் சமாளித்துக்கொண்டு வேட்டியை வெள்ளை என்றே சொல்லிவிடும். சுருளுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது!

"ஸ்கேன் செய்யும்போது சரிப்படுத்திக்கொள்ளலாமே" என்பது பலர் கட்சி. எனக்கு அது உடன்பாடில்லை. நீலத்தைப் பதிவதற்கென்று சுருளில் ஒரு படலம் உண்டு. அது பட்டினி கிடந்துவிட்டால், பிறகு கணினியில் எவ்வளவு நீலம் ஊட்டினாலும் நிழற்பகுதிகளில் மணல் இறைத்தாற்போலப் புள்ளிகள்தாம் மிஞ்சும். பதியாததை எங்கிருந்து கொண்டுவருவது?

80ஏ என்னும் நீல பில்டரை மாட்டினால் நிறம் பெரும்பாலும் நேராகும். ஆனால் அது இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கும். 400 வேகச் சுருள் 100 ஆகிவிடும். கோலாட்டத்தை அதில் பிடிப்பது எப்படி? பில்டர் இல்லாதவர்கள் நெகட்டிவ் சுருளுக்கு ஒன்றிரண்டு ஸ்டாப் கூடுதலாக வெளிச்சம் கொடுங்கள். நீலப் படலத்துக்கும் கொஞ்சம் சோறு கிடைக்கும். ஸ்லைடு சுருளில் இந்தச் சலுகை இல்லை.

நான் செய்த பெரும்பிழை வேறு. மண்டபத்தில் ஒருபுறம் குண்டு பல்பு, மறுபுறம் டியூப் லைட். டியூப் லைட் சுருளில் பச்சையாக விழும். ஒரே பில்டர் இரண்டு நோயையும் தீர்க்காது. ஒரு வரிசை விளக்கை அணைத்திருந்தால் பாதித் தொல்லை தீர்ந்திருக்கும், எனக்குத் தோன்றவில்லை!

குத்துவிளக்கையும் வெளுக்கச் சொல்கிறேன் என்று எண்ணவேண்டாம். சுடரின் ஒளி 1900 கெல்வின் அளவுதான். 80ஏ மாட்டினாலும் பொன்னிறமாகவே நிற்கும். நிற்கட்டும்.

இறுதியாண்டு நண்பர்கள் மே மாதத்தில் திசைக்கொருவராகப் பிரிந்துவிடுவார்கள். பிரிவுபசார விழாவில் எல்லோரும் சேர்ந்து நிற்கும் படத்தை மறுபடி எடுக்க முடியாது. அதையும் நான்தான் எடுக்கப்போகிறேன். டியூப் லைட் சுவிட்சருகே நிற்க ஒரு நண்பர் முன்வரவேண்டும். படத்தில் அவர் விழமாட்டார் என்பதால், அவர் முதலாண்டு மாணவராக இருப்பது நலம்.