நதிமூலம் தேடக் கூடாதா?

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள் நம் பெரியவர்கள். பிறப்பைக் காட்டி யாரையும் தாழ்த்தக் கூடாது என்ற நல்லெண்ணம் அதில் இருக்கிறது. ஆனால், தத்தெடுக்கப்பட்ட ஒருவர் தம்மைப் பெற்றவர் யார் என்று கேட்கும்போதும் இதே பழமொழியைச் சொல்லி வாயை அடைத்துவிடுகிறோம். பிறர் மூலத்தைத் தோண்டிப் பார்ப்பது வேறு. தன் மூலத்தைத் தானே தேடுவது வேறு. இந்த வேறுபாட்டை நம் சமுதாயமும் உணரவில்லை, நாட்டின் சட்டமும் உணரவில்லை என்பதே என் கருத்து.

இது நமக்குப் புதிய விஷயம் அன்று. சேலை உடுத்தி, நெற்றியில் குங்குமம் வைத்து, சரளமாகத் தமிழ் பேசும் சீன முகத்துப் பாட்டியைக் கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. 1941 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. 1948 முதல் 1960 வரை அவசரகாலம். அந்த ஆண்டுகளில் வறுமையில் வாடிய சீனக் குடும்பங்கள் பல, பெண் குழந்தைகளைப் பிறருக்குக் கொடுத்தன. புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்திற்கு ஆகாது என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. 1938, 1950, 1962 ஆகியவை புலி ஆண்டுகள். பிள்ளையில்லாத தமிழ்த் தம்பதியர் மட்டுமல்லாமல், பிள்ளை குட்டிகளோடு இருந்தவர்களும் அக்குழந்தைகளை ஏந்திக்கொண்டனர். இது நம் சமுதாயம் பெருமைப்பட வேண்டிய வரலாறு. ஆனால், எழுதி வைக்கப்படாத வரலாறு!

என் பாட்டியும் அவர்களில் ஒருவர். 1950இல் பிறந்தவர். கிள்ளான் புக்கிட் ராஜா தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஒரு குடும்பம் அவரைக் கைக்குழந்தையாக வாங்கி வளர்த்தது. அவரைப் பெற்ற குடும்பத்தை ஈராண்டுகளாகத் தேடி வருகிறேன். அத்தேடலில் நான் அறிந்துகொண்டது, இந்நாட்டில் ஒரு தத்துப் பிள்ளையின் சுவடு மூன்று விதமாக இருக்கும் என்பது.

முதலாவது, நீதிமன்றத்தின் வழி தத்தெடுக்கப்பட்டவர்கள். தீபகற்ப மலேசியாவில் 1952ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம் இதற்கு வழி செய்கிறது. நீதிமன்ற ஆணை கிடைத்ததும் தேசியப் பதிவு இலாகா புதிய பிறப்புப் பத்திரம் கொடுக்கும். அதில் வளர்ப்புப் பெற்றோரின் பெயரே பெற்றோர் பெயராக இருக்கும். தத்து என்ற சொல்லே இருக்காது. பழைய பதிவையும் புதிய பதிவையும் இணைத்துக் காட்டும் ஏடு இலாகாவிடம் உண்டு. ஆனால், நீதிமன்ற உத்தரவு இன்றி அது யாருக்கும் திறக்கப்படாது. சம்பந்தப்பட்ட பிள்ளை வளர்ந்து ஆளாகி வந்து நின்றாலும் அதே பதில்தான்.

இரண்டாவது, அதே 1952ஆம் ஆண்டின் தத்தெடுப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதியப்பட்டவர்கள். குறைந்தது 2 ஆண்டுகள் வளர்த்த 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை நீதிமன்றம் போகாமலே இவ்வழியில் பதியலாம். பெற்றவர்களின் பெயர் பழைய பிறப்புப் பத்திரத்திலேயே இருக்கும். தேடுபவருக்கு இது ஓரளவு எளிது.

மூன்றாவது வகையினர், எந்தச் சட்டத்தின் வழியும் போகாதவர்கள். குழந்தை கை மாறியது. வளர்த்தவர் சொந்தப் பிள்ளை என்றே பதிந்துவிட்டார். என் பாட்டியின் பத்திரம் இந்த வகை. பிறந்த தேதிக்கும் பதிந்த தேதிக்கும் இடையே 14 மாதங்கள் இருக்கின்றன. அந்த இடைவெளி ஒன்றுதான் அக்காகிதம் சொல்லும் உண்மை.

சரி, பழைய ஆவணங்களில் தேடலாமே என்று கேட்கலாம். கோலாலம்பூர் ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிமில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆங்கிலேயர் காலத்துச் சிலாங்கூர் செயலகக் கோப்புகள் உள்ளன. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கொடுத்திருக்கிறது; 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் அவற்றுள் ஒன்று. நில விவகாரம், தோட்ட விவகாரம், சுகாதார விவகாரம் என்று கோப்புகளில் எல்லாம் கிடைக்கும். லயத்து வாசலில் கை மாறிய ஒரு குழந்தைக்குக் கோப்பு திறந்தவர் யார்?

எனவே காகிதத்தை விட்டு மனிதர்களிடம் வந்தேன். பாட்டியோடு வளர்ந்த பெரிய பாட்டிக்கு இன்று 83 வயது. குழந்தையைக் கொடுத்தவர் பண்டமாரானிலிருந்து காய்கறி விற்க வந்த "ஆ சோ" என்றார். பண்டமாரான், அவசரகாலத்தில் மக்களைக் குடியேற்றிய புதுக்கிராமங்களில் ஒன்று. அது நல்ல துப்பு. ஆனால், ஆ சோ என்பது பெயரே அன்று. அண்ணி என்பது போன்ற உறவுச்சொல்! நம்மவர்கள் அந்தத் தாயை அன்போடு உறவுமுறை சொல்லி அழைத்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டு வைக்கவில்லை. குடும்பப் பெயர் "டான்" என்பது மட்டும் பெரிய பாட்டியின் நினைவில் நின்றிருக்கிறது. அதிலும் சிக்கல் உண்டு. ஹொக்கியன் மொழியில் டான் என்பது கண்டனீஸில் சான், மாண்டரினில் சென். எழுதியவர் எந்த ஒலியைக் கேட்டாரோ அதுவே பதிவில் ஏறியிருக்கும். இது தெரியாமல் தேடினால் கண் முன்னால் இருக்கும் பெயரும் நழுவிவிடும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, தேடுவது வளர்த்தவர்களுக்குச் செய்யும் துரோகம் என்பது. பாரதத்தில் கர்ணனைப் பாருங்கள். குந்திதான் தாய் என்று தெரிந்த பின்னும் அவன் ராதையின் மகன் என்பதை உதறவில்லை. என் பாட்டியும் வளர்த்த பெற்றோரின் நினைவு நாளில் இன்றும் விளக்கேற்றிப் படையல் போடுகிறார். பெற்றவளின் பெயர் தெரிந்தால் இன்னொரு விளக்கு ஏற்றுவாரே தவிர, இந்த விளக்கை அணைக்க மாட்டார். நம் அண்டை வீட்டு இஸ்லாமியர்களைக் கவனியுங்கள். 1952ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. வளர்ப்புப் பிள்ளையைப் பெற்ற தகப்பனின் பெயராலேயே அழைக்கச் சொல்கிறது அவர்கள் மார்க்கம். அதனால் அவ்வீடுகளில் பாசம் குறைந்தா போயிற்று?

மற்றொன்று, பெற்ற தாயின் அந்தரங்கம். இது நியாயமான கவலை. இதற்கு விடை கண்ட நாடுகள் இருக்கின்றன. ஸ்காட்லாந்து 1930லேயே, தத்துப் பிள்ளை வளர்ந்ததும் தன் பிறப்புப் பதிவைப் பார்க்க வழி விட்டது. இங்கிலாந்து 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி 18 வயதானவர்களுக்கு அவ்வுரிமையைத் தந்தது. அதற்கு முன் தத்துக் கொடுக்கப்பட்டவர்கள் முதலில் ஓர் ஆலோசகரைச் சந்திக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வைத்தது. நம் சட்டமோ ஆங்கிலேயர் ஆட்சியில், இங்கிலாந்தின் பழைய சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. பூட்டைக் கொடுத்தவர்கள் தங்கள் பூட்டை எப்போதோ திறந்துவிட்டார்கள். நாம் மட்டும் சாவியைத் தொலைத்தவர்களாய் நிற்கிறோம்.

வெறும் ஆவலுக்காக இதைக் கேட்கவில்லை. 2016இல் படிவம் 4 மாணவர்களுக்குத் தலசீமியா பரிசோதனை தொடங்கப்பட்டது. பரம்பரை நோய் என்றாலே குடும்பத்தில் யாருக்கு இருந்தது என்பதுதான் மருத்துவரின் முதல் கேள்வி. குடியுரிமையிலும் இதே நிலை. பெற்றோர் யாரென்று தெரியாத ஒரு தத்துப் பிள்ளை இந்நாட்டுக் குடிமகனே என்று 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு பிள்ளையின் நாடு எது என்பது நீதிமன்றத்தில்தான் முடிவானது. பெற்றவர் பெயர் ஒரு தாளில் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்திருக்குமா?

ஆகவே, சட்டம் மாற வேண்டும். 18 வயது நிரம்பிய தத்துப் பிள்ளை, ஆலோசகரைச் சந்தித்தபின், நீதிமன்றம் ஏறாமலே தன் பழைய பதிவைப் பார்க்கலாம் என்ற உரிமை வேண்டும். ஆனால், சட்டம் மாறினாலும் என் பாட்டி போன்ற மூன்றாம் வகையினருக்கு அதனால் பயனில்லை. அவர்களின் பதிவேடு முதியவர்களின் நினைவில் இருக்கிறது. அந்த முதியவர்களோ ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள்.

தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, தேசிய இடைநிலைப்பள்ளி வழியாகப் பல்கலைக்கழகம் வந்த நமக்குத் தமிழில் கேட்கவும், மலாயில் விண்ணப்பம் எழுதவும், ஆங்கிலக் கோப்பைப் படிக்கவும் முடியும். நம் தாத்தா பாட்டிகளுக்கு இந்த வாய்ப்பு இல்லை. வரும் தீபாவளி விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். எந்த ஊரிலிருந்து குழந்தை வந்தது, யார் கொண்டு வந்தது, என்ன மொழி பேசினார்கள், அப்போது யாரெல்லாம் பக்கத்தில் இருந்தார்கள் என்று கேளுங்கள். பெயரைச் சொன்னால் அது பெயரா, உறவுச்சொல்லா என்றும் மறக்காமல் கேட்டு, சொன்ன ஒலி மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள்.