மதுரைக் கருவியும் முதல் ஆறு வாரங்களும்

கண் நீர் அழுத்த நோய் சொட்டு மருந்துக்கும் லேசருக்கும் வழக்கமான அறுவைக்கும் அடங்காதபோது, கண்ணுக்குள் வடிகால் கருவி பொருத்தப் பரிந்துரைக்கிறோம். உடனே குடும்பத்தார் எங்களிடம் கேட்பது, "விலை கூடியதையே வைத்துவிடலாமா, டாக்டர்?" என்பதுதான். இழந்த பார்வையை எந்தக் கருவியும் மீட்டுத் தராது. எஞ்சியதைக் காக்கவே இவ்வறுவை. ஆகவே அக்கேள்வியின் பின்னுள்ள அச்சம் எங்களுக்குப் புரிகிறது. ஆயினும் விலையைக் கொண்டு தரத்தை அளப்பது இங்குப் பொருந்தாது.

மதுரையில் 1992-இல் தொடங்கப்பட்ட ஆரோலேப் நிறுவனம் 2013 முதல் 'ஆடி' (ஏ.ஏ.டி.ஐ.) என்னும் கருவியை வழங்கி வருகிறது. 350 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள சிலிக்கோன் தகடும் அதனோடு இணைந்த நுண்குழாயுமே அது. பேர்வெல்ட் என்னும் வெளிநாட்டுக் கருவியின் அமைப்பைத் தழுவியது. இறக்குமதியாகும் அகமது வால்வைவிட விலை மிகக் குறைவு. அகமது வால்வையும் பேர்வெல்ட் கருவியையும் ஐந்தாண்டுகள் ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வுகளில், பேர்வெல்ட் வகையே அழுத்தத்தைக் கூடுதலாகக் குறைத்தது. அழுத்தம் அளவுக்கு மீறிக் குறைந்துவிடும் இடரும் அதில்தான் மிகுதி.

இவ்வகையில் வால்வு இல்லை. அதனால் குழாயைக் கரையும் நூலால் கட்டிவிடுகிறோம். தகட்டைச் சுற்றித் திசு உறை உருவாகும்வரை, ஏறத்தாழ ஐந்து ஆறு வாரங்கள், நீர் முழுமையாக வடியாது. அழுத்தம் உயர்ந்தே இருக்கக்கூடும். 'அறுவை செய்தும் பயனில்லையே' எனச் சோர்ந்து சொட்டு மருந்தை நிறுத்துவோர் உளர். எங்களுக்குக் கவலை தருவது இதுவே; அவ்வாரங்களில் நலியும் பார்வை நரம்பு மீளாது. நூல் அவிழும்போது அழுத்தம் திடீரெனத் தாழலாம். வலியோ மங்கலோ தோன்றினால் அன்றே வர வேண்டும், நள்ளிரவாயினும்.

அத்தனை வாரம் காத்திருக்க இயலாத அளவு அழுத்தம் உயர்ந்த கண்களுக்கு, உடனே செயற்படும் அகமது வால்வே தகும். அங்கே நாங்கள் விலை பார்க்கச் சொல்வதில்லை.

ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஒப்பந்தப் பணி செய்வோருக்கு ஒரு மறுபரிசோதனை என்பது ஒரு நாள் கூலி. கருவியில் மிச்சமாகும் பணத்தை அந்நாட்களுக்கென ஒதுக்குங்கள் என்போம். இ.எஸ்.ஐ. காப்பீட்டில் தகுதியுடையோர், இ.எஸ்.ஐ. மருத்துவச் சான்றின்பேரில் விடுப்புக் காலத்திற்கு ஊதியத்தில் 70 விழுக்காடு பெறலாம்; ஆண்டுக்கு 91 நாட்கள் வரை அவ்வுதவி உண்டு. பலர் இதைக் கேட்பதே இல்லை. பளு தூக்கும் பணியாளருக்குச் சில வாரம் இலகு பணி தருமாறு நாங்கள் கடிதம் தருகிறோம். மேற்பார்வையாளர்கள் அதனைச் சலுகையாகக் கருதாமல் சிகிச்சையின் பகுதியாக ஏற்க வேண்டும்.

அறுவைக்கு நாள் குறிக்க வரும்போது உங்கள் ஷிப்ட் அட்டவணையையும் எடுத்து வாருங்கள். ஐந்தாம், ஆறாம் வாரப் பரிசோதனை நாட்களை அதற்கேற்ப அப்போதே குறித்துத் தருவோம்.