நீர் மகாநாட்டில் லயத்துக்கும் ஓர் ஆசனம்

பெரகலைப் பக்கத்து மலை விளிம்பில் நின்று தெற்கே நோக்குவோர் ஒரே பார்வையில் இரு உலகங்களைக் காண்பர். காலடியில் தேயிலை மலை. தொலைவில் வெல்லவாயச் சமவெளி. மேலே பெய்வதே கீழே விளைகிறது. ஆயினும் இவ்விரு உலகத்தாரும் நீரைப் பற்றிப் பேச எத்தனை முறை ஒன்றாக அமர்ந்திருக்கின்றனர்?

உமா ஓயாத் திட்டம் தந்த பாடத்தை நாடு மறத்தலாகாது. வடக்கே மகாவலியை நோக்கிச் சென்ற நீரை, மலையைக் குடைந்து, தெற்கே கிரிந்தி ஓயாப் பள்ளத்தாக்குக்குத் திருப்பினர். புகுல்பொல, டயரபா ஆகிய ஈரிடங்களில் அணைகள் எழுந்தன. 120 மெகாவாற் மின்னிலையம் நிலத்தடியில் அமைந்தது. 2024 ஏப்ரலில் திட்டம் திறந்துவைக்கப்பட்டது. மொனராகலை, அம்பாந்தோட்டை விவசாயிகளின் தாகம் தீர்வதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் 2014 டிசம்பரில் சுரங்கத்துள் நீர் பெருக்கெடுத்தபோது பண்டாரவளைப் பகுதியின் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. 2017 ஜூனில் மக்கள் வீதிக்கு வந்த பின்னரே அவர்தம் குரல் தலைநகரின் செவியில் ஏறிற்று.

நீர் குறைந்தால் மட்டுமன்று, மிகுந்தாலும் இதே கதைதான். கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29ஆம் நாள் சரிந்த மலை லயங்களைப் புதைத்தது. அவ்விடம் அபாயகரமானது என 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. அறிவு இருந்தது; அதைச் செயலாக்கும் பொறுப்புத்தான் ஆளுக்கு ஆள் கைமாறிற்று. 2025 நவம்பரில் தித்வாப் புயலோடு வந்த பெருமழை பதுளை மாவட்டத்தில் மீண்டும் மலைகளைச் சரித்து உயிர்களைப் பறித்தது.

இதன் வேர் சட்டத்தில் உண்டு. வயலுடைய விவசாயிக்குப் போகந்தோறும் கூட்டம் உண்டு. மதகு திறக்கும் நாளை அங்கே அவனும் இருந்து தீர்மானிக்கிறான். கமநலச் சட்டம் அவன் சங்கத்தை அங்கீகரிக்கிறது. நிலமில்லாத தோட்டத் தொழிலாளிக்கு அத்தகைய சபை எது? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்துக்குள் பணி செய்யவே தடையாக நின்றது. அது திருத்தப்பட 2018 வரை காத்திருக்க நேர்ந்தது. பாதிக்கப்படுவோரைக் கேளாது தீர்ப்பளித்தல் ஆகாது என்பது நீதியின் முதல் விதி. நீருக்கு மட்டும் அவ்விதி விலக்காமோ?

ஆகவே ஊவாவின் நீர்வளம் குறித்து ஒரு மகாநாடு கூட்டப்படல் வேண்டும் என்கிறோம். அது கொழும்பு மண்டபத்தில் அன்று, பதுளையிலோ பண்டாரவளையிலோ கூடட்டும். பொறியியலாளரும் புவியியலாளரும் சட்டத்தரணிகளும் வரட்டும். வெல்லவாயச் சிங்கள விவசாயியும் தோட்டத்துப் பெண் தொழிலாளியும் பார்வையாளராக அன்றிப் பிரதிநிதிகளாக வரட்டும். கட்டுரைகள் தமிழிலும் சிங்களத்திலும் முன்கூட்டியே கிடைக்கட்டும். வரும் தொழிலாளியின் அன்றைய பேர் வெட்டுப்படாதிருக்கட்டும்; கூலியை இழந்து எவரும் ஜனநாயகம் பயில முடியாது.

"நிபுணர் விஷயத்தில் தொழிலாளிக்கு என்ன வேலை?" எனச் சிலர் நகைப்பர். எந்த மாதத்தில் பீலி மெலிந்தது, எந்தக் கானில் மண் அடைத்தது, எந்தச் சுவரில் முதல் வெடிப்புக் கண்டது என்பதை நாள்தோறும் குடம் சுமப்பவளைவிட அறிந்தவர் யார்? நிபுணரின் அளவுகோலும் அவளின் அனுபவமும் ஒன்றையொன்று சரிபார்த்தால்தான் உண்மை முழுமையாகும்.

மகாநாடு மூன்று காரியங்களையேனும் முடித்துக் கலைய வேண்டும். சுரங்கப் பாதையை அண்டிய கிணறுகளின் நீர்மட்டம் மாதந்தோறும் இருமொழிகளிலும் வெளியிடப்படல் வேண்டும். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் மக்களைக் குடியமர்த்தும் கடமை தோட்ட நிர்வாகத்துக்கா, அரசாங்கத்துக்கா என்பது எழுத்தில் வரையறுக்கப்படல் வேண்டும். மலை ஊற்றுக்களைக் காக்கும் குழுவில் லயத்தாருக்கும் வாக்குரிமை வேண்டும்.

யாம் கேட்பது சலுகையன்று. மலையில் வாழ்வோனைக் கேட்டபின் மலையைத் தொடுங்கள் என்பதே. கீழ்நாட்டு வயலும் மேல்நாட்டுப் பீலியும் ஒரே நீரால் பிழைப்பவை. அந்நீரைப் பங்கிடும் சபையில் இருவரும் அருகருகே அமரும் நாளை, தொழில்சார் அறிஞரும் விவசாயப் பெருமக்களும் முன்னின்று விரைவில் கொணர வேண்டும்.