மாட்டின் பெயரால் தேடிய புகழ்

மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு, அப்போதைய பிரதமர் மஹிந்த ராஜபக்ஷவின் முன்மொழிவின் பேரில், 2020 செப்டம்பரில் இலங்கை அமைச்சரவை கொள்கையளவில் அங்கீகாரம் வழங்கியதை ஜீவகாருண்யச் செயலாகப் புகழ்ந்தவர்கள், அதே தீர்மானம் மாட்டிறைச்சியை இறக்குமதி செய்து சலுகை விலையில் விற்கவும் வழிவிட்டதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேறொரு நாட்டில் மாடு வெட்டப்படுவதில் ஆட்சேபணை இல்லாத இத்தடையால் குறையக்கூடியது உயிர்வதை அன்று. இத்தொழிலை நம்பியிருக்கும், பெரும்பாலும் முஸ்லிம்களான, குடும்பங்களின் வருமானமே.

அதே ஆண்டில், கோவிட் தொற்றால் இறந்தோரின் உடல்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டன. நல்லடக்கத்தை உலக சுகாதார நிறுவனம் அனுமதித்திருந்தும், பிறந்து 20 நாளேயான முஸ்லிம் குழந்தையின் ஜனாஸாகூட டிசம்பரில் பொரளை மயானத்தில் எரிக்கப்பட்டது. மயான வேலியில் மக்கள் துக்கத்தோடு கட்டிய வெள்ளைத் துணிகளும் அகற்றப்பட்டன. மாட்டுக்கு இரங்கிய அரசு அந்தக் குழந்தையின் தாய்க்கு இரங்கவில்லை.

விலங்குகளுக்கேனும் ஏதாவது கிடைத்ததா? மிருகவதையைத் தண்டிப்பதற்கு இருந்தது 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அது விதிக்கக்கூடிய தண்டப்பணமோ அதிகபட்சம் 100 ரூபா. அதற்குப் பதிலாகச் சட்ட ஆணைக்குழு 2006 இல் வரைந்த விலங்கு நலச் சட்டமூலம் கிடப்பிலேயே இருக்க, ஜனாதிபதியிடம் அதிகாரங்களைக் குவித்த 20 ஆவது திருத்தம் 2020 ஒக்டோபரில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் நிறைவேறியது.

சர்வாதிகாரம் விலங்கன்பை விளம்பரமாக்கும் விதத்தை நாஸி ஜேர்மனி முன்னரே காட்டியிருக்கிறது. ஹிட்லர் அரசு 1933 ஏப்ரலில் இயற்றிய சட்டம், மயக்கமூட்டிய பின்னரே விலங்கை அறுக்க வேண்டுமென விதித்து யூதரின் சமய முறை அறுப்பை முடக்கியது. விலங்குப் பாதுகாப்புக்கான முழுச் சட்டம் நவம்பரில்தான் வந்தது. 1942 மே மாதத்தில் யூதர் செல்லப்பிராணி வளர்ப்பதே தடைசெய்யப்பட்டதால், டிரெஸ்டன் நகரப் பேராசிரியர் விக்டர் கிளெம்பெரரும் அவர் மனைவியும் தம் பூனையை மருத்துவரைக் கொண்டு கொல்ல நேர்ந்தது. விலங்கின் மீதான அன்பென்றால் அந்தப் பூனை ஏன் சாக வேண்டும்?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புலால் மறுத்து, தெருநாய்க்கும் சோறிட்டு வாழும் சைவர்களின் கனிவு உண்மையானது. அதனால்தான், அண்டைவீட்டாரை ஒடுக்கும் கருவியாக அதனை எவருக்கும் இரவல் கொடுக்கலாகாது. விலங்கு நல அமைப்புகளும் சமய மன்றங்களும் ஆட்சியாளருக்குப் பொன்னாடையும் விருதும் பாராட்டுப் பத்திரமும் வழங்குமுன், விலங்கு நலச் சட்டமூலத்தை நிறைவேற்றுமாறு அவர்களைக் கேட்க வேண்டும். ஒரு சமூகத்தின் உணவையோ நல்லடக்கத்தையோ குறிவைக்கும் எந்த அரசின் மேடையிலும் ஏற மறுக்க வேண்டும்.